‘மாரடைப்பு’ என்று சொல்லிப் புதைத்தது போதும்!



குற்றால அருவியில் குளித்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். தண்ணீர் எப்போது பெருகும் என்பதை அருவிக்கரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. மேலே மலையில் மழை பெய்துவிட்டால் கீழே நிற்பவனுக்குத் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அதுதான் நடந்தது. சந்தோஷமாகக் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறி ஓடியது. ஒரு மாணவனைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு எச்சரிக்கைப் பலகை வந்தது. காவல் வந்தது. கட்டுப்பாடு வந்தது. ஆனால் இன்னொரு வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பலகையும் இல்லை, மணியும் இல்லை. நாமோ கரையில் நின்றுகொண்டு, “இங்கே தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது!” என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

போதைப்பொருளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மலையில் மழை பெய்துவிட்டது!

2025 ஜூன் மாதம் சென்னையில் கொக்கைன் வழக்கில் சினிமா நடிகர்கள் இருவர் கைது செய்யப்பட்டார்கள். தென்காசி பஜாரிலும் கடையநல்லூர் டீக்கடைகளிலும் அது ஒரு வாரப் பேச்சாக இருந்தது. “பணம் கொழுத்தவன் மூக்கில் ஏற்றுகிறான், நமக்கென்ன?” என்று சிரித்துவிட்டுக் கலைந்துபோனோம்.

நமக்கென்ன என்று கேட்பவர்களே, கொஞ்சம் கணக்குப் பாருங்கள்!

கொக்கைன் என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், கொலம்பியா, பெரு, பொலிவியா நாடுகளில் விளையும் கோகா இலையிலிருந்து எடுக்கப்படுவது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் தயாரான கொக்கைன் 3,708 டன். முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 2013-ல் உலகம் முழுவதும் 1 கோடியே 70 லட்சம் பேர் இதைப் பயன்படுத்தினார்கள். 2023-ல் அது 2 கோடியே 50 லட்சம் ஆகிவிட்டது. இதுவரை இல்லாத உச்சம்!

வியாபாரம் செய்கிற சகோதரர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு மிதமிஞ்சி விளைந்தால் பழைய சந்தை போதாது. புதுச் சந்தை தேடுவான். ஆசியாவும் ஆப்பிரிக்காவும்தான் அவன் தேடும் புதுச் சந்தை என்று அதே அறிக்கை எச்சரிக்கிறது.

தேடிக்கொண்டு எங்கே வந்தான்? 2021 ஏப்ரலில் தூத்துக்குடி துறைமுகத்தில், மரக்கட்டை என்று சொல்லி வந்த கண்டெய்னருக்குள் 300 கிலோவுக்கும் அதிகமான கொக்கைனை மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. தென்காசியிலிருந்து தூத்துக்குடி எவ்வளவு தூரம்? காலையில் புறப்பட்டால் லுஹருக்குத் திரும்பிவிடலாம்! 2024 அக்டோபரில் டெல்லியிலும் குஜராத்தின் அங்கலேஸ்வரிலும் பிடிபட்டது ஆயிரம் கிலோவுக்கும் மேல். அதெல்லாம் பிடிபட்ட கணக்கு. பிடிபடாத கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

எப்படிக் கொல்கிறது?

“உற்சாகம் தரும், களைப்புத் தெரியாது, ஒரு தடவை பார்ப்பதில் என்ன?” என்று நம் பிள்ளைகளின் காதில் ஓதுகிறார்கள். அந்த உற்சாகம் எங்கிருந்து வருகிறது? கொக்கைன் இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அதே நேரத்தில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்குகிறது. ஓடு என்று அடித்துக்கொண்டே மூச்சையும் பிடித்தால் எந்த மாடு தாங்கும்? இருபத்தைந்து வயதுக்காரனுக்கு மாரடைப்பு வருவதும், மூளையில் இரத்தக்குழாய் வெடிப்பதும் இப்படித்தான். கூடவே மதுவும் குடித்தால், இரண்டும் சேர்ந்து ஈரலில் மூன்றாவதாக ஒரு விஷத்தை உண்டாக்குகின்றன. இதயத்துக்கு அது இன்னும் கொடியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொக்கைன் தொடர்பான மரணங்கள் 2011-ல் 112. 2023-ல் 1,118. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து மடங்கு! அமெரிக்காவில் 2015-ல் ஏழாயிரத்துக்கும் குறைவாக இருந்த இந்த மரணங்கள் 2023-ல் இருபத்தொன்பதாயிரத்தைத் தொட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஃபென்டனில் என்ற இன்னொரு கொடிய போதையும் சேர்ந்திருந்தது. வாங்குபவனுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. விற்பவனுக்கும் தெரியாது. மண்ணறைக்குத்தான் தெரியும்.

நம் தெருவுக்கு வருவது வேறு பெயரில்!

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பையன்களின் கையில் இன்றைக்கு இருப்பது கொக்கைன் அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் கொக்கைன் எடுப்பவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். ஆனால் அபின் வகைப் போதைகளை எடுப்பவர்கள் இரண்டே கால் கோடி! ஹெராயின் மட்டுமல்ல, வலி நிவாரண மாத்திரைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கஞ்சா மூன்று கோடிக்கு மேல். மது பதினாறு கோடி.

ஆக, சென்னைக்காரன் மூக்கில் ஏற்றுவதைப் பார்த்துச் சிரிக்கிற நம் வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறது! அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கும் புற்றுநோய் வலிக்கும் டாக்டர் எழுதித் தரவேண்டிய டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் கலந்திருக்கும் மாவுப்பொருள் இரத்தக்குழாயை அடைக்கிறது. ஒரே ஊசி கைமாறும்போது மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் சேர்ந்தே கைமாறுகின்றன. கடைசியில் மூளை மூச்சு விடுவதையே மறந்துபோகிறது.

கொக்கைன் அடித்து ஓட்டிக் கொல்கிறது. மாத்திரை தாலாட்டித் தூங்கவைத்துக் கொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

குளிப்பாட்டியவன் சொல்கிறேன்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஓர் ஊரில் ஒரு வாலிபனின் மய்யித்தைக் குளிப்பாட்ட அழைத்தார்கள். மாரடைப்பு என்று சொன்னார்கள். இருபது வயதுச் சொச்சம். தண்ணீர் ஊற்றும்போது முழங்கை மடிப்பைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக ஊசித் தழும்பு. என்னோடு நின்ற பெரியவரும் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கபனை இழுத்து மூடினோம்.

மையவாடியில் நான்தான் பேசினேன். மரணம் சொல்லிக்கொண்டு வராது, இந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் குறித்த நேரம் இதுதான் என்று உருக்கமாகப் பேசினேன். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு மாதம் கழித்து இஷா தொழுகைக்குப் பின் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். அந்தச் சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவன்.

“ஹஜ்ரத், அன்னைக்கி ராத்திரி நாங்க மூணு பேரு கூட இருந்தோம். அவன் குறட்டை விட்டுக்கிட்டு கெடந்தான். தூங்குறான்னு நெனச்சோம். உலுக்கிப் பாத்தோம், எந்திரிக்கலை. உதடு ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு. போலீஸ் வந்துருமேன்னு பயந்து விட்டுட்டு வந்துட்டோம்.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: “நீங்க மாரடைப்புன்னு சொன்னீங்கள்ல ஹஜ்ரத்... அப்ப எங்களால அவன் மவுத்தாகலதானே?”

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? அது குறட்டை அல்ல, மூச்சு நின்றுகொண்டிருக்கும் சத்தம் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த நேரத்தில் 108-க்கு ஒரு போன் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று எந்த மிம்பரில் பேசினோம்? அவன் அதற்குப் பிறகும் மாத்திரையை விடவில்லை. ஏன் விட வேண்டும்? செத்தவன் மாரடைப்பில்தானே செத்தான்! நானே அல்லவா சொன்னேன்!

மய்யித்தின் குறையை மறைக்க வேண்டும் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம். இன்றும் அதை மீறவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரையோ ஊரையோ என் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது. ஆனால் ஆளை மறைப்பது வேறு, நோயை மறைப்பது வேறு. தெருவில் காலரா வந்தால் கிணற்றின் பெயரைச் சொல்லாமல் இருப்போமா? ஆளை மறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் கிணற்றை மறைத்தோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

“தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது, குடும்பத்துக்குத் தலைகுனிவு” என்கிறார்கள். உண்மைதான், வலிக்கும். ஆனால் மறைப்பதாலும் ஆள் சாகிறான். கொக்கைன் எடுத்து நெஞ்சுவலி வந்தவனுக்குச் செய்யும் வைத்தியம் வேறு. சாதாரண மாரடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அவனுக்கு ஆபத்தாகக்கூட முடியலாம். டாக்டரிடம் கூடப் பொய் சொல்லிக் காப்பாற்றிய மானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை!

சாரல் காலம் தொடங்கினால் குற்றாலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, பழக்கடை, சிப்ஸ் கடை என்று அந்த மூன்று மாத வருமானத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அல்லாஹ் அதில் பரக்கத் செய்யட்டும். ஆனால் அறை எடுத்துத் தங்குகிறவன் உள்ளே என்ன செய்கிறான் என்று தெரிந்தும் வாடகை வருகிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளும் உரிமையாளருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 25-வது பிரிவு. தெரிந்தே இடத்தையோ வாகனத்தையோ விட்டுக்கொடுத்தவனுக்கும் குற்றம் செய்தவனுக்குரிய தண்டனைதான்!

மெடிக்கல் வைத்திருப்பவரே! சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக மாத்திரை கேட்டு வரும் பையன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தகப்பனாரோடு ஜும்ஆவில் ஒரே சஃப்பில் நிற்கிறீர்கள். பெட்டிக்கடைக்காரரே! 2013 முதல் தடை செய்யப்பட்ட குட்காவைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மறைத்து எடுத்துக் கொடுக்கிறீர்களே, ஒளிந்து வாங்கும் பழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் உஸ்தாது நீங்கள்தான்!

“நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்” என்கிறீர்கள். அவன் கணக்கை அவன் கொடுப்பான். உங்கள் கணக்கை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கல்லாவில் விழும் அந்தக் காசில்தானே உங்கள் பிள்ளைக்குச் சோறு போகிறது? நாளை அந்தப் பிள்ளையே பக்கத்துக் கடையில் போய் நின்றால் என்ன செய்வீர்கள்?

பயணம் போகிற வாலிபனே!

நம் பகுதியில் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத வீடு குறைவு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறோம். “தம்பி, இந்தப் பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடு, ஏர்போர்ட்ல ஆள் வருவான்” என்று கேட்டால் தட்ட முடியாமல் வாங்கிக்கொள்ளும் நல்ல மனம் நமக்கு. அந்த நல்ல மனதைத்தான் கடத்தல்காரன் தேடிக்கொண்டிருக்கிறான்!

சிங்கப்பூரில் 30 கிராமுக்கு மேல் கொக்கைன் கடத்தினால் மரண தண்டனை. ஹெராயினுக்கு 15 கிராம்தான் எல்லை. 42.72 கிராம் ஹெராயின் கொண்டுபோன நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழ் இளைஞர் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று உலகமே மன்றாடியும் பலிக்கவில்லை. சவூதியிலும் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை உண்டு. நம் வீட்டுக் குழம்பில் சேரும் கசகசாகூட சில வளைகுடா நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

“எனக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது. நம் நாட்டுச் சட்டத்திலேயே, பொருள் உன்னிடம் இருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உன் தலையில்! கண்ணால் பார்த்துக் கையால் கட்டாத பெட்டியைச் சொந்த மாமா கொடுத்தாலும் வாங்காதே.

பெயரைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு...

2021 செப்டம்பரில் அண்டை மாநிலமான கேரளத்தில் பாலா மறைமாவட்ட ஆயர், போதைப்பொருளையும் ஜிஹாதையும் சேர்த்து ஒரு சொல்லை உருவாக்கி முஸ்லிம் சமுதாயத்தின் மீது வீசினார். நம் கண்டனத்துக்கு உரிய அவதூறு அது. முதலமைச்சர் பினராயி விஜயனே கணக்கை எடுத்துப் போட்டு மறுத்தார். 2020-ல் கேரளத்தில் போதை வழக்குகளில் சிக்கியவர்கள் 5,422 பேர். அவர்களில் 2,700 பேர் இந்துக்கள், 1,869 பேர் முஸ்லிம்கள், 853 பேர் கிறிஸ்தவர்கள். போதைக்கு மதமில்லை என்பது நிரூபணமானது. நாமும் அந்தக் கணக்கை மேடைக்கு மேடை வாசித்தோம்.

வாசித்தது சரி. ஆனால் வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து அதே கணக்கை இன்னொரு தடவை வாசித்தோமா? 1,869 பேர் என்பது நூற்றுக்கு 34 பேருக்கு மேல். கேரளத்தில் நம் மக்கள்தொகை நூற்றுக்கு 27-க்கும் குறைவு. வழக்குகளின் எண்ணிக்கையில் காவல்துறையின் பார்வையும் கலந்திருக்கும் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும், கடுகளவு போதையையும் ஹராம் என்று படித்து வளர்ந்த சமுதாயம் விகிதாசாரத்துக்குள்ளாவது நின்றிருக்க வேண்டாமா? அவதூறு சொன்னவனுக்குப் பதில் சொல்லியாயிற்று. கண்ணாடிக்கு என்ன பதில்?

2024 மார்ச்சில் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு சினிமாத் தயாரிப்பாளர் போதைப்பொருள் மூலப்பொருள் கடத்தல் வழக்கில் கைதானபோது, அவருடைய பெயரை வைத்து நம்மையெல்லாம் கூண்டில் ஏற்றிய பத்திரிகைகள் இருந்தன. “நம்மாள், பாவம், மாட்டிவிட்டார்கள்” என்று விசாரிக்காமலே பரிந்து பேசிய நம்மவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே தவறு. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் போதை விற்பவன் எவனாக இருந்தாலும், அவன் பெயர் அரபியில் இருந்தாலும், அவன் நம்மாள் இல்லை! அவனிடம் வாங்கிச் செத்தவன்தான் நம்மாள்.

ஆட்சியாளர்களே!

போதையில்லாத் தமிழ்நாடு என்று மாணவர்களைக் கைநீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்கிற அரசு, 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரு போதையைக் கடை திறந்து விற்றுக்கொண்டே இன்னொரு போதையை ஒழிப்பேன் என்றால் எந்தப் பிள்ளை நம்புவான்? கிலோ கணக்கில் கடத்துபவனுக்கு வக்கீல் வரிசையில் நிற்கிறார். பத்துக் கிராம் கஞ்சாவோடு பிடிபட்ட ஏழைப் பையன்தான் சிறைக்குப் போய், அங்கே பெரிய வியாபாரியோடு பழகித் திரும்புகிறான். இதற்குப் பெயர் ஒழிப்பா, வளர்ப்பா?

நாம் செய்ய வேண்டியது

அரசைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதற்காக இதை எழுதவில்லை. நம் கையில் இருப்பதைச் செய்வோம்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே எல்லாவகைப் போதை மிகையாலும் செத்தவர்கள் 2023-ல் சுமார் 1,05,000 பேர். 2024-ல் சுமார் 80,000 ஆகக் குறைந்தது. காரணங்கள் பல. அவற்றில் முக்கியமான ஒன்று, அபின் வகைப் போதையால் நின்ற மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலோக்சோன் என்ற மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறைத்த ஊர் அதைச் செய்ய முடியுமா? ஒப்புக்கொண்ட ஊர்தான் செய்தது.

ஒன்று: ஒவ்வொரு பள்ளிவாசலிலும் வருடத்துக்கு ஒரு ஜும்ஆவாவது இதற்காக ஒதுக்கப்படட்டும். திட்டுவதற்காக அல்ல, சொல்லிக் கொடுப்பதற்காக. எழுப்பினால் எழும்பாதவன், குறட்டை போல் மூச்சுத் திணறுகிறவன், உதடு நீலமானவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உடல் கொதிக்கிறவன், வலிப்பு வந்தவன்: இவர்களில் யாரைக் கண்டாலும் 108-ஐ அழை. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. விட்டுவிட்டு ஓடாதே. என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல். ஆம்புலன்சைக் கூப்பிடுவது குற்றமல்ல.

இரண்டு: அடிமைப்பட்டவனை ஜமாஅத்தை விட்டு விலக்காதீர்கள். விற்பவனைக் காட்டிக்கொடுங்கள், விழுந்தவனைத் தூக்குங்கள். தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடிக்கும் அடிமைக்கு, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்தும் உட்கொண்ட வழக்கிலிருந்தும் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். விற்பவனைப் பற்றித் தகவல் கொடுக்க 10581 இருக்கிறது.

மூன்று: வியாபாரிகள் ஒன்றுகூடி முடிவெடுங்கள். சீட்டு இல்லாமல் மாத்திரை இல்லை, பதினெட்டு வயதுக்குக் கீழே புகையிலை இல்லை, அடையாளம் இல்லாதவனுக்கு அறை இல்லை. பத்துக் கடை சேர்ந்து மறுத்தால் பதினோராவது கடைக்காரனுக்கும் வெட்கம் வரும்.

நான்கு: பெற்றோரே, பிள்ளையின் முழுக்கைச் சட்டையை ஒருநாள் மடித்துப் பாருங்கள். பாசத்தோடு பாருங்கள். நான் குளிப்பாட்டும் பலகையில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பாருங்கள்!

சகோதரர்களே! நம் மார்க்கம் போதையைத் தடுத்தபோது அது திராட்சையா பேரீச்சையா என்று பெயர் பார்த்துத் தடுக்கவில்லை. அறிவை மூடும் எதையும் தடுத்தது. ஆகவே கொக்கைன் பணக்காரனுடையது, மாத்திரை டாக்டர் தருவது, கஞ்சா மூலிகை என்ற வாதமெல்லாம் அங்கே செல்லாது.

மலையில் மழை பெய்துவிட்டது. சத்தம் கேட்கிறது. கரையில் நிற்கும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து மேலே ஏற்றும் வேலை நம்முடையது. அடுத்த முறை ஒரு வாலிபனின் மய்யித்துக்கு என்னை அழைத்து ‘மாரடைப்பு’ என்று சொன்னால், அவன் பெயரை நான் காப்பாற்றுவேன். ஆனால் மையவாடியில் இந்தக் கிணற்றின் பெயரைச் சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!